சித்தப்பாவின் முதல் வேலையும் மூன்று வருடக் கணக்கும்

"1970களில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?"

2022ஆம் ஆண்டு சித்திரை மாதம், லண்டனுக்கு வெளியே ஒரு வைத்தியசாலையில் நுரையீரல் வைத்தியர் என்னுடைய சித்தப்பாவிடம் கேட்ட கேள்வி இது. பக்கத்தில் அவருடைய மகள் இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தகப்பன் வாய் திறக்க முதல் அவளே பதில் சொல்லிவிட்டாள்: "அப்பா கவுன்சிலில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் வேலை செய்தவர்." சித்தப்பா தலையை ஆட்டினார். வைத்தியரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து சித்தப்பா எனக்கு ரெலிபோன் எடுத்தார். "தம்பி, ஒரு விசயம் கேட்கவேணும். தங்கச்சிக்கு இப்ப சொல்லாதை" என்று தொடங்கினார்.

1973இல் கணக்கியல் படிக்க வந்தவர் அவர். ஊரிலிருந்து வரவேண்டிய காசு ஒழுங்காக வரவில்லை. 1974 முதல் 1976 வரை, லீவு நாட்களிலும் கிழமை முடிவிலும் கொந்தராத்துக்காரர்களோடு பொய்லர் அறைகளில் வேலை செய்திருக்கிறார். பெரிய தொழிற்சாலைகளிலும் பழைய கட்டிடங்களிலும் சுடுநீர்க் குழாய்களைச் சுற்றியிருந்த வெள்ளைப் பூச்சைச் சுத்தியலால் உடைப்பது, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளுவது, சாக்கில் கட்டுவது. "தூள் பனி கொட்டினமாதிரி இருக்கும். நான் முகத்திலை ஒரு லேஞ்சி கட்டியிருந்தன், அவ்வளவுதான்" என்றார்.

இதை ஏன் வைத்தியரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஊருக்கு எழுதின கடிதத்திலை ஒபிஸ் வேலை எண்டு எழுதினன். கலியாணம் பேசேக்கையும் அதையேதான் சொன்னன். பிறகு மாத்திச் சொல்ல ஏலாமப் போச்சு" என்றார்.

நாற்பத்தெட்டு வருடமாக மனைவிக்கும் பிள்ளைக்கும் தெரியாமல் இருந்த அந்த வேலைதான் அவருடைய நோய்க்குக் காரணம். சில கிழமைகளில் பயொப்சி முடிவு வந்தது. மெசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் வருகிற புற்றுநோய். இதற்கு ஏறத்தாழ ஒரே காரணம் அஸ்பெஸ்டஸ் என்கிற கல்நார்த் தூள்தான்.

நான் சட்டத்தரணி அல்ல. சித்தப்பாவோடு அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஏனென்றால் 1960களிலும் 70களிலும் 80களிலும் இந்த நாட்டுக்கு வந்த எங்கடை ஆக்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு முதல் வேலை இருந்திருக்கிறது. பவர் ஸ்டேஷன், ரயில் பெட்டி திருத்தும் இடம், கப்பல் திருத்தும் துறை, பிரேக் லைனிங் மாற்றும் கராஜ், பழைய கட்டிடம் உடைக்கிற வேலை, கூரை வேலை. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது தெரியாது.

தூள் போய் நாற்பது வருடம் கழித்து

கல்நார் என்பது நார்நாராகப் பிரியக்கூடிய ஒரு கனிமம். நெருப்புப் பிடிக்காது, மலிவு. அதனால் குழாய், பொய்லர், கூரைச் சீற், சுவர்ப் பலகை, தரை ஓடு என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். பிரித்தானியாவில் நீலக் கல்நாரும் மண்ணிறக் கல்நாரும் 1985ஆம் ஆண்டின் விதிகளால் தடைசெய்யப்பட்டன. வெள்ளைக் கல்நாருக்குத் தடை 1999இல்தான் வந்தது.

உடைக்கும்போது பறக்கும் நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய பதினைந்து வருடமும் ஆகலாம், அறுபது வருடமும் ஆகலாம். மெசோதெலியோமாவுக்கு முப்பது, நாற்பது வருடம் என்பது சாதாரணம். பிரித்தானியாவில் இந்த ஒரு நோயால் மட்டும் வருடத்துக்கு 2,000க்கும் அதிகமானோர் இன்னும் இறக்கிறார்கள்.

கல்நாரால் வரும் நோய்கள் ஒன்றல்ல. நுரையீரலில் தழும்பு விழுந்து மூச்சு முட்டுகிற அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், சவ்வு பரவலாகத் தடித்துப்போவது, சவ்வில் திட்டுத்திட்டாகப் படிவது. எது என்பதைப் பொறுத்துத்தான் சட்டத்தில் உங்கள் உரிமையும் மாறும். ஆகவே வைத்தியரிடம் நோயின் சரியான பெயரை எழுத்தில் வாங்குவது முதல் வேலை. "லங்ஸிலை பிரச்சினை" என்பது போதாது.

"சோறு போட்ட நாட்டிலை கேஸ் போடுறதோ?"

வழக்கு என்று நான் பேச்செடுத்ததும் சித்தப்பா மறுத்தார். "எங்களுக்கு இடம் தந்த நாடு. சோறு போட்ட நாடு. சாகிற நேரத்திலை இவங்களிட்டைக் காசு கேட்டு நிக்கிறதோ? அதோடை, அந்தக் காலத்திலை ஆருக்கும் தெரியாதுதானே."

இந்த இரண்டு வாசகங்களையும் இந்த நோயோடு இருக்கும் வேறு தமிழ்க் குடும்பங்களிலும் பிறகு கேட்டேன். இரண்டுமே சரியில்லை.

முதலில், "ஆருக்கும் தெரியாது" என்பது. ரொச்டேல் என்ற ஊரில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷோ என்ற பெண் 1924இல், 33 வயதில் இறந்தார். நுரையீரலில் கல்நார் துகள்கள் இருந்ததை மரண விசாரணையில் வைத்தியர் சொன்னார். ஆலை நிறுவனம் பொறுப்பேற்க மறுத்துவிட்டது. 1930இல் அரசாங்கத்தின் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அதன்படி 1931இல் கல்நார் ஆலைகளில் தூளைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. 1965இல் கிழக்கு லண்டனில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. பார்க்கிங்கில் இருந்த கல்நார் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய உடுப்பைத் தோய்த்த வீட்டாருக்கும், ஆலையிலிருந்து அரை மைலுக்குள் வசித்தவர்களுக்கும் மெசோதெலியோமா வந்திருப்பதை அது காட்டியது. இன்று ஈஸ்ட் ஹாம், பார்க்கிங், இல்ஃபேர்ட் பக்கம் கடைக்குப் போய்வரும் எங்களில் பலருக்கு அந்த ஆலை இருந்ததே தெரியாது.

சித்தப்பா சுத்தியல் பிடித்தது 1974இல். அந்த ஆய்வு வந்து ஒன்பது வருடம் கழித்து. தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதிருந்தது லேஞ்சி கட்டிய பெடியனுக்குத்தான்.

இரண்டாவது, "நாட்டிட்டைக் காசு கேக்கிறது" என்பது. வேலைகொடுத்தவர் மீது போடும் வழக்கில் பணம் தருவது நாடல்ல. அந்தக் காலத்தில் அந்த வேலைகொடுத்தவருக்குக் காப்புறுதி செய்து, தவணைப் பணம் வாங்கிய காப்புறுதி நிறுவனம். 1969ஆம் ஆண்டின் சட்டப்படி, 1972 ஜனவரி முதல் தொழிலாளருக்கான பொறுப்புக் காப்புறுதி எடுப்பது வேலைகொடுப்போருக்குக் கட்டாயம். சித்தப்பா போன்றவர்களுக்கு ஒன்று நடந்தால் கொடுப்பதற்காகவே வாங்கிய பணம் அது. சட்டத்தரணி இதை விளங்கப்படுத்தியபோதுதான் சித்தப்பா கொஞ்சம் இறங்கிவந்தார். கணக்கர் அல்லவா, "அப்ப பிரீமியம் வாங்கியிருக்கிறாங்கள்" என்றார்.

இருக்கிற வழிகள்

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை வைத்தே எழுதுகிறேன். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில வேறுபாடுகள் உண்டு.

ஒன்று, தொழில்சார் பாதிப்புக்கான அரசாங்க உதவித்தொகை. ஊழியராக வேலை செய்தபோது கல்நாரால் குறிப்பிட்ட நோய் வந்தவருக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. சேமிப்பு எவ்வளவு, வீடு இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. மெசோதெலியோமா என்றால் நூறு வீதப் பாதிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். பிந்திப் போட்டால் பழைய காலத்துக்குச் சேர்த்து வாங்குவது கடினம். நோய் உறுதியான கிழமையே படிவம் போடுங்கள்.

இரண்டு, அரசாங்கம் கொடுக்கும் ஒருதொகைப் பணம். வேலைகொடுத்தவர் தொழிலை மூடிவிட்டிருந்தால் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்கலாம். அதற்கு மேலே சொன்ன உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். மெசோதெலியோமா வந்தவருக்கு 2008இல் இன்னொரு திட்டம் வந்தது. சுயதொழில் செய்தவர்கள், வேலை உடுப்பைத் தோய்த்து நோய் வாங்கிய மனைவிமார் போன்றவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தத் தூள் பிரித்தானியாவில் பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் காலக்கெடு 12 மாதம். முதலாவதற்கு உதவித்தொகை தீர்மானமான நாளிலிருந்து, இரண்டாவதற்கு நோய் கண்டறிந்த நாளிலிருந்து. பிறகு வழக்கில் வென்றால் இந்தத் தொகையை அதிலிருந்து கழிப்பார்கள். அதற்காக இதை விட்டுவிட வேண்டாம். வழக்கு முடியமுன் கையில் வருவது இந்தப் பணம்தான்.

மூன்று, வேலைகொடுத்தவருக்கு எதிரான நட்டஈட்டு வழக்கு. தொகை பெரியது இதில்தான். நோவுக்கும் வேதனைக்கும், இழந்த வருமானத்துக்கும், வீட்டில் பராமரித்தவருடைய உழைப்புக்கும், வைத்தியச் செலவுக்கும் கேட்கலாம். சித்தி இரவு பகலாகப் பார்த்ததற்கும் ஒரு கணக்கு உண்டு என்று சட்டத்தரணி சொன்னபோது சித்தி நம்பவேயில்லை. "என்ரை மனிசனைப் பாக்கிறதுக்கு ஆர் காசு கேக்கிறது?" என்றா. ஆனால் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கிறது.

நான்கு, வேலைகொடுத்தவரும் இல்லை, காப்புறுதி நிறுவனத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 2014ஆம் ஆண்டின் மெசோதெலியோமாச் சட்டத்தில் வந்த திட்டம். காப்புறுதி நிறுவனங்களிடம் அறவிடும் வரியில் இது நடக்கிறது. 2012 ஜூலை 25 அன்றோ அதற்குப் பிறகோ நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு உரியது. நோய் கண்டறிந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஊழியராக இருந்திருக்க வேண்டும்.

மூன்று வருடக் கணக்கு

"1974இலை நடந்ததுக்கு இப்ப எப்பிடி வழக்குப் போடுறது?" எல்லாரும் கேட்கும் கேள்வி. மூன்று வருடம் என்ற எல்லை தூளைச் சுவாசித்த நாளிலிருந்து ஓடுவதில்லை. உங்களுக்குப் பாரதூரமான நோய் இருக்கிறது, அது அந்த வேலையால் வந்திருக்கக்கூடும் என்று நீங்கள் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடுகிறது. அந்தக் காலத்துக்குள் நோயாளி இறந்துவிட்டால், குடும்பத்துக்குப் புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். காலம் கடந்தபிறகும் அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது.

இந்த இடத்தில்தான் எங்கடை ஆக்கள் இழக்கிறார்கள். கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவைப்பது. "பிள்ளைகளுக்குச் சொல்லாதை, பயப்படுவினம்" என்பது. நோயின் பெயரை வெளியில் சொன்னால் பேரப்பிள்ளையின் கலியாணம் குழம்பும் என்பது. இது பரம்பரை நோய் அல்ல, தொற்றும் நோயும் அல்ல. யாரோ ஒருவருடைய கவனக்குறைவால் வந்த நோய். மறைக்க ஒன்றுமில்லை. நாட்கள்தான் போகும்.

கொம்பனி மூடியாச்சே?

சித்தப்பா மூன்று கொந்தராத்துக்காரர்களிடம் வேலை செய்தவர். மூவரும் எப்போதோ தொழிலை மூடிவிட்டார்கள். இருந்தும் வழி இருந்தது. பழைய காப்புறுதிப் பத்திரங்களைத் தேட 2011இலிருந்து ஓர் அலுவலகம் இயங்குகிறது. அங்கே தேடியதில் மூவரில் ஒருவருடைய காப்புறுதி நிறுவனம் அகப்பட்டது. கொம்பனி கலைக்கப்பட்டிருந்தாலும் காப்புறுதி நிறுவனத்தை நேரடியாகக் கேட்கலாம்.

அடுத்த கேள்வி, மூவரில் யாருடைய தூள் நோயைத் தந்தது? அதை எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. முன்பு இதைச் சாட்டாக வைத்து மூவருமே தப்பினார்கள். 2002இல் ஃபெயர்சைல்ட் வழக்கில் பிரபுக்கள் சபை இதை மாற்றியது. நோய் வரும் ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பு என்றது. 2006இல் இன்னொரு வழக்கில், ஒவ்வொருவரும் தங்கள் பங்கை மட்டும் கொடுத்தால் போதும் என்று அதே சபை சொன்னது. அதே வருடமே பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, மெசோதெலியோமாவில் ஒருவர் அகப்பட்டாலும் அவரிடமிருந்து முழுத்தொகையும் வாங்கலாம் என்றாக்கியது. சித்தப்பாவின் வழக்கு நின்றது இந்தச் சட்டத்தில்தான். அஸ்பெஸ்டோசிஸ் போன்றவற்றில் இப்படியல்ல. அகப்பட்டவர் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு.

காப்புறுதியும் இல்லையென்றால்? மேற்கு லண்டனில் இருப்பவர்களுக்கு அக்ஸ்பிரிட்ஜ் தெரியும். அங்கே 1959க்கும் 1962க்கும் இடையில் ஒன்றரை வருடத்துக்குச் சற்று அதிகமாக, செங்கல் ஏற்றும் வேலை செய்த ஒருவருக்கு 2007இல் அஸ்பெஸ்டோசிஸ் தெரியவந்தது. பக்கத்தில் இருந்த கல்நார்ப் பலகைத் தொழிற்சாலையிலிருந்து தூள் வந்தது. வேலை கொடுத்த துணை நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டது. காப்புறுதியும் இந்த நோய்க்குச் செல்லாது. அவர் தாய் நிறுவனமான கேப் மீது வழக்குப் போட்டார். 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தாய் நிறுவனமே பொறுப்பு என்றது. ஆகவே "கொம்பனி மூடியாச்சு" என்பதை நீங்களே முடிவாக எடுக்காதீர்கள்.

சவ்வில் திட்டுப் படிந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதனால் மூச்சுக் கஷ்டம் பொதுவாக வராது. 2007இல் பிரபுக்கள் சபை அதற்கு நட்டஈடு இல்லை என்றது. ஸ்கொட்லாந்து 2009இலும் வட அயர்லாந்து 2011இலும் தனிச் சட்டம் போட்டு அதற்கு நட்டஈடு உண்டு என்றன. இங்கிலாந்தில் இல்லை. ஆனாலும் அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்குத் தூள் பட்டது என்பதற்கு அது சாட்சி.

அஸ்பெஸ்டோசிஸ், சவ்வுத் தடிப்பு உள்ளவர்கள் சமாதானத் தொகைக்குச் சம்மதிக்கும்போது ஒன்று கேட்க வேண்டும். பின்னாளில் புற்றுநோய் வந்தால் திரும்பி வந்து கேட்கலாம் என்ற நிபந்தனையோடு வாங்குகிறோமா, அல்லது எல்லாம் முடிந்தது என்று எழுதிக்கொடுக்கிறோமா? இரண்டாவதில் இப்போது தொகை கூட வரும். ஆனால் கதவு பூட்டப்படும்.

புகைபிடித்தவர்கள் வழக்கே இல்லை என்று நினைக்கிறார்கள். மெசோதெலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை. நுரையீரல் புற்றுநோயில் புகைத்ததற்காகத் தொகையில் ஒரு பங்கு குறையலாம். வழக்கு இல்லாமல் போவதில்லை.

சாட்சி தேடின கதை

சித்தப்பாவிடம் ஒரு சம்பளத் துண்டும் இல்லை. வரித் திணைக்களத்திடம் எழுதிக் கேட்டால், தேசிய காப்புறுதிப் பதிவை வைத்து எந்த வருடம் யாரிடம் வேலை செய்தீர்கள் என்ற பட்டியலைக் கொடுப்பார்கள். அதில் இரண்டு பெயர்கள் வந்தன. மூன்றாவது ஆள் கையில் காசு கொடுத்தவர். அவரைப் பற்றிச் சொல்ல சித்தப்பா மிகவும் தயங்கினார். படிக்க வந்தவர் அனுமதித்த நேரத்துக்கு மேலே வேலை செய்திருப்பாரோ என்ற பயம். இப்படிப்பட்ட பயம் உள்ளவர்கள் எங்களில் நிறைய. வேறொருவருடைய இலக்கத்தில் வேலை செய்தவர்களும் உண்டு. என் ஆலோசனை ஒன்றுதான்: சட்டத்தரணியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் அனுமதியில்லாமல் அவர் அதை வெளியில் சொல்ல முடியாது. மறைத்துவைத்துப் பாதியில் வெளியே வந்தால்தான் வழக்குக் கெடும்.

சித்தப்பாவோடு ஒரே அறையில் இருந்து ஒரே வேலைக்குப் போன ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார் என்று பழைய மாணவர் சங்கத்து ஆக்கள் மூலம் அறிந்தோம். அவர் எழுத்தில் சாட்சியம் தந்தார். எங்களிடம் இருக்கும் பெரிய பலம் இது. ஊர்ச் சங்கம், பாடசாலைச் சங்கம், கோயில். ஐம்பது வருடத்துக்கு முன் யார் எந்த வீட்டில் இருந்தார் என்று சொல்ல ஆட்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி நோயாளியின் சொந்த வாக்குமூலம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. மெசோதெலியோமா வந்த பலருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்தான் அவகாசம். லண்டன் உயர் நீதிமன்றத்தில் கல்நார் வழக்குகளுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள், நோயாளி உயிரோடு இருக்கும்போதே விரைவாகக் கேட்பதற்காக. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்வது நல்லது, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சித்தப்பா நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்தவர். அந்தத் தூளைப் பற்றி அவர் சரியாகச் சொன்னது தமிழில்தான்.

அன்று தங்கச்சியும் அறையில் இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு முழுக்கதையும் தெரியும். வெளியே வந்து, "ஏன் அப்பா சொல்லேல்லை?" என்று கேட்டாள். "உனக்கு வெக்கமாயிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார். அவள் அழுதாள்.

செலவு பற்றி. இந்த வழக்குகளைப் பெரும்பாலும் "வென்றால்தான் கட்டணம்" என்றே எடுப்பார்கள். ஆனால் வென்ற தொகையிலிருந்து எத்தனை வீதம் எடுப்பீர்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். மெசோதெலியோமா வழக்கில் ஒன்றும் எடுக்காத சட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. வீடு வாங்கித்தந்த சட்டத்தரணி, விசா பார்த்த சட்டத்தரணி என்று தெரிந்தவரிடம் போகாமல், கல்நார் வழக்கே தொழிலாக வைத்திருப்பவரிடம் போங்கள். சமாதானத் தொகைக்குச் சம்மதிக்க முதல், அரச உதவிப்பணம் எடுப்பவர்கள் அது நின்றுபோகாமல் இருக்க அறக்கட்டளை அமைப்பது பற்றியும் கேட்கவேண்டும்.

செத்த வீடும் மரண விசாரணையும்

இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். வேலையால் வந்த நோயில் ஒருவர் இறந்தால், வீட்டில் இறந்தாலும் வைத்தியசாலையில் இறந்தாலும், மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். விசாரணை நடக்கும். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கவும் கூடும். சித்தப்பா 2023 மாசியில் இறந்தார். அடுத்த நாளே உடலைத் தருவார்கள் என்று இருந்த சித்தி, பிரேத பரிசோதனை என்றதும் உடைந்துபோனா. "அவர் என்ன குற்றம் செய்தவர்?" என்று கேட்டா. எட்டுக்கும் அந்தியேட்டிக்கும் நாள் பார்த்துக்கொண்டிருந்த ஐயரிடமும் பதில் இல்லை.

நோயாளி உயிரோடு இருக்கும்போதே பயொப்சி மூலம் நோய் உறுதியாகியிருந்தால், உடலை வெட்டாமல் விடும்படி மரண விசாரணை அலுவலகத்திடம் கேட்கலாம். ஸ்கான் மூலம் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். முடிவு அவர்களுடையது. அறிக்கைகளை ஒரே கோப்பில் போட்டுவைத்திருந்தால் இந்தப் பேச்சு அரை மணித்தியாலத்தில் முடியும். எங்களுக்கு ஐந்து நாள் எடுத்தது. அந்த விசாரணையில் "தொழில்சார் நோய்" என்று பதியப்படுவது வழக்குக்கும் உதவும். பகையாகப் பார்க்க வேண்டாம்.

வழக்கு 2024இல் சமாதானமாக முடிந்தது. சித்தப்பா தொடங்கியதை சித்தி முடித்தா. கணவனை இழந்ததற்கென்று சட்டம் வைத்திருக்கும் தொகை இங்கிலாந்தில் 15,120 பவுண். பராமரிப்பு, ஓய்வூதிய இழப்பு, சித்தப்பாவின் வேதனைக்கானது எல்லாம் அதற்கு மேலே. வந்த பணத்தில் சித்தி வீட்டுக் கடனின் மிச்சத்தைக் கட்டினா. "இவர் இருந்திருந்தால் வட்டி வீதம் பாத்துப்போட்டுத்தான் கட்டச் சொல்லுவார்" என்றா.

வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு

பிரான்சில் 1997இலிருந்து கல்நார் தடை. அங்கே கல்நாரால் பாதிக்கப்பட்ட எவருக்கும் நட்டஈடு கொடுக்கத் தனி நிதியம் உண்டு. அதன் தொகையை ஏற்றுக்கொண்டால், அதே பாதிப்புக்கு நீதிமன்றம் போகும் உரிமை போய்விடும். ஆகவே கையெழுத்துப் போட முதல் ஆலோசனை கேளுங்கள். கனடாவில், ஒன்ராறியோ போன்ற மாகாணங்களில், வேலைகொடுத்தவர் மீது பொதுவாக வழக்குப் போட முடியாது. மாகாணத் தொழிலாளர் காப்புறுதிச் சபையிடம்தான் கேட்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் தூசு நோய்களுக்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. சுவிஸில் பழைய காலக்கெடு தூள் பட்ட நாளிலிருந்து பத்து வருடமாக இருந்தது. நோய் வர முன்பே உரிமை முடிந்துவிடும் அந்த முறை நியாயமற்றது என்று 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு 1995ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று முக்கியம். தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, கல்நார் ஆலைகள் தொழிலாளரின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்க முயலுங்கள்.

எங்கடை ஊரில் கூரைச் சீற் இன்னும் கடையில் விற்கிறது. இலங்கை அரசாங்கம் 2018இலிருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்தது. 2017 மார்கழியில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நார் விற்கும் நாடும் ரஷ்யாதான். இலங்கை தன் தீர்மானத்திலிருந்து பின்வாங்கியது. ஊரில் வீடு திருத்தக் காசு அனுப்புகிறவர்கள், பழைய சீற்றை உடைத்து எறிய வேண்டாம், அறுக்க வேண்டாம், நனைத்து முழுதாகக் கழற்றச் சொல்லி அனுப்புங்கள். இங்கே கடை வாங்குகிறவர்களும் கவனிக்கவேண்டும். 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய கட்டிடம் என்றால், கல்நார் இருக்கிறதா என்று அறிந்து பாதுகாப்பாக வைத்திருப்பது அந்தக் கட்டிடத்துக்குப் பொறுப்பானவரின் சட்டக் கடமை. சீலிங் உடைக்க எங்கடை பெடியன் ஒருவனைக் கையில் காசு கொடுத்துக் கூப்பிடும்போது, 1974இல் சித்தப்பாவுக்கு வேலை கொடுத்தவரின் இடத்தில் நாங்கள் நிற்கிறோம்.

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை அப்பாவிடமோ தாத்தாவிடமோ இருந்து, வந்த நாளிலிருந்து செய்த வேலைகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். வருடம், இடம், முதலாளியின் பெயர், கூட வேலை செய்தவர் யார், தூசு இருந்ததா. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியைக் குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள். சித்தப்பா அப்படி ஒரு தாளை எழுதியது வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து. தங்கச்சி அதைச் சட்டம் போட்டு, அவருடைய பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.